தூக்கிப் பார்த்தால் தெரியும்

பழுதுக்கு வருகிற சிடி பிளேயரை நான் முதலில் போட்டுக் கேட்பதில்லை. இரண்டு கையாலும் தூக்கிப் பார்ப்பேன். கனமாக இருந்தால் உள்ளே முறையான டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்திருக்கிறது, அடித்தகடு தடிமனாக இருக்கிறது, செய்தவர்கள் காசை மிச்சம் பிடிக்காமல் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு கையில் தூக்கி வந்து மேஜை மேல் பொத்தென்று வைத்தார்கள் என்றால், மூடியைத் திறக்கும் முன்பே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

காரைக்குடியில் ரேடியோ, டேப், ஆம்பி என்று தொழில் கற்றவன் நான். சிடி பிளேயர் என்ற பொருளை இந்த ஊர் மெட்ராஸ் வழியாக அறிந்ததைவிட சிங்கப்பூர், பினாங்கு வழியாக அறிந்ததுதான் அதிகம். சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கிய இந்தத் தட்டு 1982 அக்டோபரில் ஜப்பானில் கடைக்கு வந்தது. நம் பக்கத்துக் கடைகளில் கேசட்டே ராஜாவாக இருந்த காலத்தில், செட்டிநாட்டு வீடுகளில் ஒன்றிரண்டில் சிடி பிளேயர் வந்து இறங்கிவிட்டது. மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த குடும்பங்கள். பர்மாத் தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் வந்த அதே கடல் வழியில் இதுவும் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம், விமானத்தில் வந்ததுதான் என்றாலும்.

பாட்டுத் தட்டுக்கும் இந்த ஊருக்கும் உறவு புதிதல்ல. 1907-இல் காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன் கிராமபோன் தட்டு விற்பனையிலிருந்துதான் சினிமாவுக்குப் போனார். சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் தட்டு வியாபாரம் செய்தார். போர்க்காலத்தில் சென்னையைவிட்டு வந்து, இங்கே தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தினார். 1947-இல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே எடுத்த படம். அந்தக் காலத்து கிராமபோன் பெட்டிகளை இன்றைக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் குழாயோடு வரிசையாக வைத்திருப்பார்கள். வாங்குகிறவர்களில் பாட்டுக் கேட்கிறவர் குறைவு.

சிடி பிளேயர் வந்து என்ன மாற்றியது என்று கேட்டால், எல்லோரும் “சத்தம் கிளியரா இருக்கும்” என்பார்கள். நான் முதலில் சொல்வது சுருதியை. கேசட்டில் நாடா விநாடிக்கு நாலே முக்கால் சென்டிமீட்டர் ஓட வேண்டும். ரப்பர் பெல்ட் தளர்ந்தால் வேகம் குறையும், பிஞ்ச் ரோலர் தேய்ந்தால் ஆடும், மோட்டார் சூடேறினால் இன்னொரு கணக்கு. வேகம் ஆறு சதவீதம் தப்பினால் சுருதி அரைக்கட்டை தப்பிவிடும். சினிமாப் பாட்டுக்கு இது யாருக்கும் உறுத்தாது. வீணை கற்கிற வீட்டில் உறுத்தும். ஒரு வீணை வாத்தியாரம்மா மாதம் தவறாமல் டேப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருவார். “தம்பி, போன வாரம் சேர்ந்துச்சு, இந்த வாரம் சேரலை. வீணையை இறக்குறதா, உங்க டேப்பை ஏத்துறதா?” என்பார். மோட்டாருக்குப் பின்னால் சின்ன துளைக்குள் ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருப்பி, அவர் கொண்டுவந்த சுருதிப் பெட்டியோடு சேர்த்துக் கொடுப்பேன். மழைக்காலம் வந்தால் மறுபடி வருவார்.

சிடியில் அந்தப் பேச்சே இல்லை. உள்ளே ஒரு குவார்ட்ஸ் படிகம் நேரம் சொல்கிறது. விநாடிக்கு 44,100 முறை, வலதுக்கும் இடதுக்கும் தனித்தனியாக, 16 பிட் அளவில் எண்ணாக எழுதிவைத்ததைப் படிகம் சொல்கிற தாளத்தில் எடுத்துக் கொடுக்கிறது. தட்டைச் சுற்றும் மோட்டார் கொஞ்சம் முன்பின்னாக ஓடினாலும், படித்த எண்கள் ஒரு தற்காலிக நினைவகத்தில் காத்திருந்து சரியான நேரத்துக்குத்தான் வெளியே வரும். தம்புரா தம்புராவாக நிற்கும். அந்த அம்மா சிடிக்கு மாறிய பிறகு எனக்கு ஒரு வாடிக்கையாளர் குறைந்தார். தொழில்காரனுக்கு நஷ்டம், சங்கீதத்துக்கு லாபம்.

அடுத்தது அமைதி. கேசட்டில் பாட்டுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி, டால்பி இல்லாமல், ஐம்பது டெசிபல் சொச்சம். சிடியில் அது தொண்ணூறைத் தாண்டும். எண்ணாகச் சொன்னால் ஒன்றும் விளங்காது, வீணையை வைத்துச் சொன்னால் விளங்கும். காரைக்குடி சகோதரர்கள் என்று பேர் பெற்ற சுப்பராமய்யரும் சாம்பசிவய்யரும் வாசித்த வழியில் மீட்டு அழுத்தமானது, ஒவ்வொரு மீட்டும் தனியாகக் காதில் விழும். ஒரு தந்தியை மீட்டிவிட்டு விரல் கமகத்தை இழுக்கும்போது ஒலி மெலிந்துகொண்டே போகிறது அல்லவா, அந்த வால் பகுதியில்தான் ராகம் உட்கார்ந்திருக்கிறது. கேசட்டில் அந்த வால் உஸ்ஸென்ற இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். நல்ல பிளேயரில் அது கடைசி வரைக்கும் தெரியும், அடுத்த மீட்டு வரும் வரை. மிருதங்கத்தில் தொப்பியின் கும்காரம் அடங்குகிற விதமும் அப்படியே. காரைக்குடி மணி வாசிப்பைக் கேசட்டில் கேட்டுப் பழகியவர்களுக்கு சிடியில் போட்டுக் காட்டினால், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் அவர் விடுகிற இடைவெளியைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். பிளேயர் எவ்வளவு உசத்தியானாலும், பதிவில் இல்லாததைக் கொண்டுவர முடியாது. சாம்பசிவய்யர் 1958-இல் காலமானார். அவர் காலத்துப் பதிவுகள் பெரும்பாலும் ஒற்றைத் தடம். இப்படிப்பட்ட பழைய பதிவுகளை சிடிக்கு மாற்றும்போது சிலர் இரைச்சலை நீக்குகிறேன் என்று மீட்டின் கூர்மையையும் சேர்த்து மழித்துவிடுகிறார்கள். கொஞ்சம் கரகரப்போடு விட்டிருக்கிற தட்டே எனக்கு மேல். கரகரப்பை காது ஒதுக்கிக்கொள்ளும், மழித்ததைத் திரும்ப முளைக்க வைக்க முடியாது.

இனி மூடியைத் திறக்கிறேன். தட்டின் அடிப்பக்கம் வானவில் அடிக்கிறதே, அங்கே ஒரே ஒரு சுருள் பாதை, நடுவிலிருந்து வெளியே ஓடுகிறது. பிரித்து நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வரும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் முப்பது, நாற்பது சுற்று அடங்கிவிடும். இதைத்தான் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சிவப்போரத்து லேசர், மிளகளவு லென்ஸ் வழியாகப் படிக்கிறது. தட்டு நடுப்பக்கம் படிக்கும்போது நிமிடத்துக்கு 500 சுற்று, ஓரத்துக்குப் போகப் போக 200. தட்டு துளி வளைந்திருக்கும், ஆடும். லென்ஸ் அதற்கேற்ப மேலும் கீழும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓயாமல் துள்ளிக்கொண்டிருக்கும். மூடி திறந்த பிளேயரில் காதை வைத்தால் அந்தத் துள்ளல் கிசுகிசுவென்று கேட்கும். (கண்ணை வைக்காதீர்கள். அது லேசர்.)

நல்ல பிளேயருக்கும் மட்டமானதற்கும் முதல் வித்தியாசம் இங்கே. எண்பதுகளில் வந்த பிலிப்ஸ் மெக்கானிசம் வார்ப்பு உலோகத்தில், கண்ணாடி லென்ஸோடு, ஒரு கை ஊசலாடித் தட்டைக் கடக்கிற அமைப்பு. பல்சக்கரமே கிடையாது, தேய்வதற்கு அதிகம் இல்லை. பிறகு வந்தவை பிளாஸ்டிக் தண்டவாளத்தில் நகர்கிற வண்டி, பிளாஸ்டிக் லென்ஸ். அவையும் நன்றாகவே படிக்கும், புதுசில். நம் ஊர் வெயிலில் தண்டவாளத்து கிரீஸ் கெட்டித்து, வண்டி ஒன்பதாவது பாட்டில் நின்றுவிடும். “ஒம்பதாவது பாட்டுல திக்குது” என்று கொண்டுவந்தால் நான் தட்டைச் சந்தேகிக்க மாட்டேன். பழைய கிரீஸைத் துடைத்து, வெள்ளை கிரீஸ் ஒரு பொட்டு வைத்தால் பத்தாவது பாட்டுக்குப் போய்விடும். தட்டு வெளியே வரவில்லை என்றால் ட்ரே பெல்ட். உருகித் தாராகி, விரலில் ஒட்டினால் நாள் முழுக்கப் போகாது.

தட்டில் கீறல் இருந்தாலும் பாட்டு ஓடுவதற்குக் காரணம், எண்களை எழுதும்போதே கூடுதல் சரிபார்ப்பு எண்களையும் சேர்த்து, வரிசையைக் கலைத்துப் பரப்பி எழுதியிருப்பதுதான். இரண்டரை மில்லிமீட்டர் நீளம் வரை பாதை அழிந்துபோனாலும், விட்டுப்போனதை முழுதாகக் கணக்குப் போட்டு மீட்டுவிடும். அதற்கு மேல் போனால் பிளேயர் ஊகம் செய்யும். முன்னால் உள்ள எண்ணையும் பின்னால் உள்ள எண்ணையும் பார்த்து நடுவில் ஒன்றை நிரப்பும். லென்ஸ் மங்கிய, மெக்கானிசம் ஆடுகிற மட்டமான பெட்டி, நல்ல தட்டிலேயே இந்த ஊகத்தை அதிகம் செய்கிறது. அதையும் தாண்டினால்தான் ‘டிக் டிக்’.

லென்ஸ் மங்கினால் சிலர் செய்கிற ஒரு வேலை உண்டு. லேசரும் லென்ஸும் சேர்ந்த பிக்கப்பின் பக்கவாட்டில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு பிரீசெட் இருக்கும். அதைத் திருப்பி லேசர் சக்தியை ஏற்றிவிட்டால் பெட்டி உடனே படிக்கும். வாடிக்கையாளர் கைகொடுத்துவிட்டுப் போவார். சில மாதத்தில் லேசர் செத்துவிடும், இந்தத் தடவை நிஜமாகவே. நான் முதலில் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு லென்ஸை மேல்வாக்கில் துடைப்பேன். அடுப்புப் புகை, ஊதுபத்திப் புகை, சாம்பிராணி எல்லாம் அந்த மிளகின் மேல் படிந்திருக்கும். பாதிப் பெட்டி அதிலேயே பிழைத்துவிடும். பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தவர்களுக்கு மட்டும் மறக்காமல் சொல்லி அனுப்புவேன்.

எண்களைப் படித்த பிறகு அவற்றை மின்னலையாக்கும் சிப், அதற்குப் பின்னால் ஒலியை வெளியே தள்ளும் சர்க்யூட், இரண்டுக்கும் சுத்தமான கரண்ட் கொடுக்கும் சப்ளை. கனத்தைத் தூக்கிப் பார்ப்பது இதற்காகத்தான். சாயங்காலம் தெரு முழுக்க மோட்டார் போட்டால் நம் ஊர் வோல்டேஜ் தொங்கும். ஒழுங்கான டிரான்ஸ்ஃபார்மரும் பெரிய கண்டன்சர்களும் உள்ள பெட்டிக்கு அது ஒரு பொருட்டல்ல. பத்து, பதினைந்து வருஷச் சூட்டில் கண்டன்சர்கள் உலர்ந்துபோகும், தலை உப்பும். அவற்றை மாற்றினாலே, மந்தமாகிவிட்டது என்று கொண்டுவந்த பெட்டி முழித்துக்கொள்ளும். அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய 110 வோல்ட் பெட்டியை நேரே பிளக்கில் சொருகிப் புகைய வைத்தவர்கள் கதை தனி. பல்லி உள்ளே போய் சப்ளையில் கருகிய கதைகளும் தனி. அவற்றில் மணம் அதிகம், சங்கீதம் குறைவு.

இவ்வளவு சொன்னாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஒரு நல்ல பிளேயருக்கும் அதைவிட நாலு மடங்கு விலையுள்ள பிளேயருக்கும் இடையே காதில் கேட்கிற வித்தியாசம் மிகக் கொஞ்சம். ஆனால் ஆயிரம் ரூபாய் விசிடி பெட்டிக்கும் ஒரு சாதாரண மராண்ட்ஸ், சோனிக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை வீட்டில் பாட்டே கேட்காதவர்கூடச் சொல்லிவிடுவார். கையில் உள்ள பணத்தில் பெரும் பங்கை ஸ்பீக்கருக்குப் போடுங்கள் என்றுதான் எப்போதும் சொல்வேன். தட்டின் ஓரத்துக்குப் பச்சை மை பூசினால் ஒலி கூடும் என்று ஒரு காலத்தில் வெளிநாடுகளில் கிளம்பிய பேச்சு இங்கேயும் எட்டியது. பூசிப் பார்த்தவர்களுக்குத் தட்டு பச்சையானது.

ஸ்பீக்கரைவிடவும் பெரிய விஷயம் வீடு. செட்டிநாட்டு வீட்டில் பாட்டுக் கேட்பது லேசான காரியம் அல்ல. தரையில் ஆத்தங்குடிக் கல்லோ சலவைக்கல்லோ, சுவரில் முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு கண்ணாடியாக மின்னும். இந்தப் பரப்புகள் தம் மேல் விழுகிற ஒலியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கைத்தான் உறிஞ்சும், மிச்சத்தைத் திருப்பி அடிக்கும். கண்டனூர்ப் பக்கம் ஒரு வீட்டில் பெரியவர் கூப்பிட்டு அனுப்பினார். சிங்கப்பூரில் வாங்கிய செட், எல்லாம் சுத்தமான சரக்கு.

“தம்பி, ஒசத்தின்னு சொல்லித்தான் குடுத்தாக. பாட்டு கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. ஏமாத்திப்புட்டாகளா?”

செட்டை முகப்பு ஹாலில் வைத்திருந்தார், வருகிறவர்கள் கண்ணில் படும்படி. நான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவே இல்லை. ஹாலின் நடுவில் நின்று ஒரு தட்டு கை தட்டினேன். அந்தத் தட்டல் சுவருக்குச் சுவர் போய்வந்து அடங்க ஒரு பாட்டின் அரை அடி நேரம் ஆனது. “ஐயா, செட்டு பாடுறது ஒரு தடவை, உங்க வீடு பாடுறது பத்துத் தடவை” என்றேன். நடுமுற்றமான வளவில் இந்தத் தொல்லை குறைவு, மேலே வானம், போன சத்தம் திரும்பாது. ஆனால் வளவில் வைத்தால் தூசி, மழைச்சாரல். கடைசியில் ஆச்சிதான் வழி சொன்னார். “உள்கட்டுல பாய், மெத்தையெல்லாம் அடுக்கி வச்சிருக்கிற அறை இருக்குல்ல, அங்க கொண்டு போங்க. அங்க பேசுனா பேச்சு தெளிவா கேக்கும்.” கொண்டுபோனோம். கல்யாணத்துக்கு விரிக்கிற ஜமுக்காளங்கள் சுருட்டி ஒரு சுவர் முழுக்கச் சாத்தியிருந்தன. ஸ்பீக்கரை மூலையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் தள்ளி, உட்கார்ந்தால் காது உயரத்துக்கு வரும்படி முக்காலி மேல் வைத்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே உள்ள தூரமே ஆளுக்கும் இருக்கும்படி நாற்காலியைப் போட்டேன். பெரியவர் ஒரு நாதஸ்வரத் தட்டைப் போட்டார். பாதியில் என்னைப் பார்த்து, “ஒத்து எந்தப் பக்கம் உக்காந்திருக்காருன்னு தெரியுது தம்பி” என்றார். அன்றைக்கு நான் வாங்கியது போக்குவரத்துச் செலவும் ஒரு காப்பியும்.

பிறகு எம்பி3 வந்தது. ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டு. சிடியில் விநாடிக்கு 1,411 கிலோபிட் போகிற இடத்தில் அவற்றில் பெரும்பாலும் 128. பதினொன்றில் ஒரு பங்கு. ஜால்ராவும் தவிலின் வலந்தலையும் முதலில் அடிபடும், சலசலவென்று தண்ணீர்ச் சத்தம் ஏறும். பஸ்ஸில் கேட்க அது போதும். வீட்டில் உட்கார்ந்து கேட்க நல்ல பிளேயரை வைத்துக்கொண்டு அதில் இதைப் போடுவது வீண். இன்றைக்குப் போனிலேயே சிடி தரத்தில் பாட்டு கிடைக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். சந்தா தீர்ந்தால் அல்லது கம்பெனிகளுக்குள் ஒப்பந்தம் முறிந்தால் பாட்டு காணாமல் போகும், அவ்வளவே. அலமாரியில் உள்ள தட்டுக்கு யாரும் சந்தா கேட்பதில்லை. 1986-இல் வந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தட்டை ஒரு வீட்டில் இன்னமும் ஓட்டுகிறார்கள், போன மாதம் அந்தப் பெட்டிக்குத்தான் பெல்ட் மாற்றினேன்.

தட்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லோரும் மின்னுகிற பக்கத்தைப் பொத்திப் பாதுகாக்கிறார்கள், பேர் அச்சடித்த பக்கத்தைத் தரையில் படும்படி வைக்கிறார்கள். பாட்டு எழுதியிருப்பது அச்சடித்த பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான். மின்னுகிற பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது, அங்கே கீறினால் மெருகிட்டுச் சரிசெய்யலாம். அச்சுப் பக்கம் மெல்லிய அரக்குப் பூச்சு மட்டும். அங்கே ஆழமாகக் கீறினால் பாட்டே உரிந்து வந்துவிடும், யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. துடைத்தால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் பாதையோடு சேர்ந்து ஓடி, மீட்கவே முடியாத நீளத்துக்குப் போய்விடும்.

இப்போது பிக்கப் கிடைப்பதுதான் பெரும்பாடு. சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் பழைய மாடல்களுக்கு ‘புதுசு’ என்று கொடுப்பது பல நேரம் எங்கோ கழற்றித் துடைத்ததாக இருக்கிறது. அசல் பிக்கப் வேண்டுமென்றால் இன்னொரு பழைய பெட்டியின் வயிற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆனால் வீட்டைக் காலி செய்கிறவர்கள் தூண்களையும் கதவுகளையும் பழம்பொருள் கடைக்கு விலை பேசிவிட்டு, பிளேயரை இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். கனமான பெட்டி என்பதால் நாலு காசு கூடக் கிடைக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தால், ஓடாவிட்டாலும் பரவாயில்லை, எடைக்குப் போடாதீர்கள். உள்ளே தட்டு மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். பிறகு உங்கள் ஊரில் இன்னும் சால்டரிங் அயர்ன் சூடாக இருக்கிற ஏதாவது ஒரு மெக்கானிக் கடையில் கொண்டுபோய்க் கொடுங்கள். அதில் நல்லதாக உள்ள ஒரு லென்ஸ் வேறொரு வீட்டுப் பெட்டியைப் பாட வைக்கும்.